சவுக்கின் நுனி எங்கே போய் விழுகிறது?

தயங்காமல் கேளுங்கள்: தோல், பால்வினை நோய் மருத்துவர் பதில் சொல்லும் பகுதி. 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

போன இதழில், கணவன் மனைவி இருவரும் விரும்பி ஆடும் அடி விளையாட்டில் தொடையில் வந்த கன்றலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொன்னேன். அதற்கப்புறம் வந்த தபாலைப் பார்த்துவிட்டு ஆசிரியர் இந்த மாதம் பக்கத்தை முழுக்க இதற்கே கொடுத்துவிட்டார். திட்டி எழுதியவர்களின் கடிதங்களை ஓரமாக வைத்திருக்கிறேன். மற்றவை கீழே.

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 37. மெத்தென்ற தோலில் பல வார்கள் தொங்கும் ஃப்ளாகரை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறோம். அடி வாங்குவது நான், பிடித்துத்தான் வாங்குகிறேன். இப்போது நாலடி நீள ஒற்றை வார்ச் சவுக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். சின்ன வயதில் சிலம்பம் கற்றவர், அதனால் கை வந்துவிடும் என்றார். முதுகைக் குறிவைத்து வீசிய முதல் வீச்சே விலாவைச் சுற்றிக்கொண்டு வந்து வயிற்றோரம் தோலைக் கிழித்துவிட்டது. விட்டுவிடவும் மனமில்லை. முறையாகக் கற்பது எப்படி? – பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: வம்பு அந்தச் சிலம்பத்தில்தான் ஆரம்பிக்கிறது. கம்பு விறைப்பானது. மணிக்கட்டு திரும்பினால் கம்பின் நுனியும் அதே நொடியில் திரும்பும். சவுக்கு அப்படியில்லை. கை வேலையை முடித்துவிட்டு நின்ற பிறகுதான் நுனி தன் வேலையைத் தொடங்கும். கம்பு பிடித்துப் பழகிய கை அந்த இடைவெளியைப் பொறுக்காது, நடுவிலேயே இன்னொரு இழுப்பு இழுக்கும். போக வேண்டிய இடத்தை நுனி தவறவிடுவதற்கு அது போதும்.

உங்களுக்கு நேர்ந்ததைச் சவுக்குக்காரர்கள் 'சுற்றிக்கொள்வது' என்பார்கள். வீசுகிறவர் ஓரடி கூடுதலாகக் கிட்டே நின்றிருப்பார். நுனி பட வேண்டிய இடத்தில் சவுக்கின் நடு உடம்பு போய் விழும். மிச்ச நீளம் சும்மா இருக்காது, உடம்பின் ஓரத்தை அச்சாகப் பிடித்துக்கொண்டு வளையும். வளைகிற வட்டம் சின்னதாகச் சின்னதாக வேகம் ஏறும். அதனால்தான் முதுகில் சுள்ளென்று மட்டும் பட்டிருக்க வேண்டியது வயிற்றோரத்தில் கத்தியாகிவிட்டது. ஃப்ளாகரிலும் இது நடக்கும். ஆனால் அங்கே பத்திருபது வார்கள் அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை வாரில் மொத்தமும் ஒரு நூல் முனையில் வந்து நிற்கும்.

அந்த முனையின் வேகத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். 'படீர்' என்று நீங்கள் கேட்பது இரண்டு தோல்கள் மோதும் சத்தமில்லை, ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறபோது எழும் அதிர்வு. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் கோரியலி, மெக்மில்லன் என்ற இருவர் 2002-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கையில் பிறக்கும் ஒரு வளையம் சவுக்கோடு ஓடுகிறது. சவுக்கு போகப் போக மெலிவதால் வளையத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சத்தம் தோலுக்கு மேலேயே வெடித்தால் வெட்டுதான். சத்தம் காற்றில் இருக்கட்டும், தோலுக்கு வருவது வேகம் வடிந்த நுனி நூலாக (சவுக்கின் முனையில் கட்டியிருக்கும் நூல்) இருக்கட்டும். அடிப்படை இவ்வளவுதான். காதுக்குப் பக்கத்திலும் சத்தம் எழுப்பக் கூடாது, செவிப்பறைக்கு அது நல்லதல்ல.

நான் லண்டனில் பால்வினை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், சவுக்கு வீசச் சொல்லித்தருகிற ஒருவர் பரிசோதனைக்கு வருவார். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். அவரிடம் கேட்டதையும் பிறகு நோயாளிகளின் முதுகில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஆள் இல்லாமல் பழக வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி. நுனி முதலில் அடிப்பது வீசுகிறவரின் காதைத்தான். அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை இதற்கு லாயக்கில்லை. தலைக்கு மேலே சீலிங் ஃபேன் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். மொட்டை மாடியோ தோட்டமோ கிடைத்தால் அங்கே பழகட்டும்.

ஒரு தலையணைக்குக் கறுப்பு உறை போட்டு, நாற்காலியின் முதுகில் கட்டிக்கொள்ளுங்கள். காபித் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வரையுங்கள். நுனி நூலில் முகப் பவுடரைத் தொட்டுத் தடவிவிட்டு வீசச் சொல்லுங்கள். நுனி பட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும், பொய் சொல்ல முடியாது. புள்ளியாக இல்லாமல் நீளக் கோடாக விழுந்தால் அவர் இன்னும் கிட்டே நிற்கிறார் என்று அர்த்தம். சவுக்கைத் தரையில் நீட்டிக் கை நீளத்தையும் சேர்த்து அளந்து, அதற்கும் அரையடி பின்னால் நிற்பதிலிருந்து தொடங்கட்டும். நுனி காற்றைத்தான் தொடும். அப்புறம் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று முன்னே வரலாம். காலடியைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது, ஆட்டம் சூடு பிடித்தால் கால் தானாக முன்னே போகும்.

வீச்சு பக்கவாட்டில் வேண்டாம், மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வரட்டும். செங்குத்து வீச்சு தவறினால் குறிக்கு மேலேயோ கீழேயோ போகும். பக்க வீச்சு தவறினால் சுற்றிக்கொள்ளும், அனுபவப்பட்டிருக்கிறீர்கள். தோளிலிருந்து பலம் போடக் கூடாது. முழங்கை வழிகாட்டும், மணிக்கட்டு முடித்துவைக்கும். தொடர்ந்து வீசுகிற இருபதும் வட்டத்துக்குள்ளேயே விழுகிற நாள் வந்ததும், தன் தொடையில் தானே ஒன்று வாங்கிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் முதுகு.

முதுகு என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், அதில் பாதிக்கு மேல் தடை செய்யப்பட்ட பகுதி. நுனி விழலாம் என்பது தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தடித்த சதை, பின்பக்கத்தின் கீழ்ப்பாதி, தொடையின் பின்புற மேல்பகுதி. முதுகுத்தண்டு, வால் எலும்பு, கழுத்து, முழங்காலின் பின்குழி ஆகாது. கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை உள்ள பட்டை கண்டிப்பாக ஆகாது. சிறுநீரகங்களின் கீழ்ப்பகுதிக்கு அங்கே எலும்புக் காவல் இல்லை. கற்கிற காலத்தில் இடுப்பில் ஒரு தடித்த துண்டை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், கழுத்தைச் சுற்றியும் ஒன்று போடுங்கள். கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுவிடுங்கள். பார்க்கக் கேலியாக இருக்கும், இருக்கட்டும்.

எடுத்த எடுப்பில் சவுக்கு வேண்டாம். உங்கள் பழைய ஃப்ளாகரால் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகத் தட்டி ரத்த ஓட்டம் வந்த பிறகு சவுக்கை எடுக்கலாம். 'பச்சை, மஞ்சள், சிவப்பு' என்று நிறங்களை வைத்துக்கொள்கிறார்கள் பலர். மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்து. பேச்சு வராத நிலைக்குப் போகிறவர் நீங்கள் என்றால் கையில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொத்து கீழே விழுந்தால் ஆட்டம் முடிந்தது. குடித்திருந்தால் ஆட்டமே கிடையாது. நின்றபடி கையைக் கட்டுவதை இந்தச் சவுக்கோடு இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். மயக்கம் வந்து சாய்கிற உடம்பைத் தாங்கவும் வேண்டும் கட்டை அவிழ்க்கவும் வேண்டும், அவருக்கு இருப்பது இரண்டே கை.

கேள்வி: இரண்டு கையிலும் ஃப்ளாகர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்கும் முறையை வீடியோவில் பார்த்தேன். கற்றுக்கொள்ளலாமா? – ர., கோவை

பதில்: ஃப்ளாரன்டைன் என்கிறார்கள். இரண்டு கையும் எட்டு போடும், ஒன்று விழுந்து எழும்போது மற்றது விழும். ஜோடி ஒரே நீளத்திலும் ஒரே எடையிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தாளம் கெட்டு ஒன்றோடொன்று சிக்கும். வலது கைக்காரர்களின் இடது கை களைத்தவுடன் கீழே இறங்கும். அதாவது தோளில் விழுந்துகொண்டிருந்தது சிறுநீரகத்துக்கு வரும். உங்கள் இடது கை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தலையணையில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் பாதிதான் ஆளின் மேல்.

கேள்வி: இணையத்தில் எல்லாரும் 'சிவந்தால் நிறுத்து' என்கிறார்கள். என் துணைவி மாநிறம், எனக்கு எதுவும் சிவந்து தெரிவதில்லை. மறுநாள் பார்த்தால் கோடு கோடாகக் கறுத்திருக்கிறது, மாதக்கணக்கில் போவதில்லை. – த., கிள்ளான், மலேசியா

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று சொல்லலாம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதின குறிப்பை நம் தோலில் வைத்துப் படித்தால் ஒன்றும் தெரியாது. நம் தோலிலும் ரத்தம் அதே அளவு ஏறுகிறது, மெலனின் மறைத்துக்கொள்கிறது. அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். நடுநடுவே நிறுத்திப் புறங்கையை வைத்துப் பாருங்கள். அடி விழுந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இரண்டு மூன்று முறையில் பழகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சை முதுகுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் காணாமல் போகிற தடிப்பெல்லாம் நிழல் விழுந்து வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். ஏற்கெனவே தடித்திருக்கும் கோட்டின் மேல் இன்னொரு கோடு குறுக்கே விழக் கூடாது. தோல் பிளப்பது பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான்.

பிரம்பு பட்ட இடத்தில் தண்டவாளம் மாதிரி இரண்டு இணைக்கோடுகள் வரும், நடுவே வெளுத்திருக்கும். பயப்பட வேண்டாம். நடுவில் அழுத்தப்படும் ரத்தம் இரு ஓரத்துக்கும் தள்ளப்படுவதால் வருவது அது.

கறுப்பு நிற்பதற்குக் காரணம் வீக்கம் ஆறும்போது தோல் கூடுதலாக நிறமி விடுவது. முடிந்த கையோடு துணி சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், ஐஸைத் தோலில் நேராக வைக்காதீர்கள். தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். வெயில் படும் இடமென்றால் சன்ஸ்க்ரீன். தயவுசெய்து மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த 'மூன்று மருந்து' க்ரீமைப் போட்டுவிடாதீர்கள். ஒரு தழும்புக்கு வந்து அந்த க்ரீமால் தோல் மெலிந்து போனவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தோல் திறந்திருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும், தடுப்பூசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்காவிட்டால் டெட்டனஸ் ஊசி.

இன்னொன்று. உங்கள் துணைவியின் இடது தோளில் பிசிஜி ஊசித் தழும்பு எப்படி இருக்கிறது? காது குத்திய இடம்? அங்கே பளபளவென்று உருண்டு திரண்டு எழுந்திருந்தால் அது கீலாய்டு. அப்படிப்பட்ட தோலுக்கு மேல்முதுகிலும் தோளிலும் ஒரு சின்னக் கிழிசல்கூட வேண்டாம், ஒற்றை வார்ச் சவுக்கை மறந்துவிடுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆகாது, தோலுக்கடியில் ரத்தம் நிற்காமல் கசியும்.

நீண்ட நேரம் பலமாக அடி வாங்கினால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும். மறுநாள் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: அடி வாங்குவது பிடிக்கிறது என்பது மனநோயா? இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்தது என்கிறான் என் நண்பன். – கா., திருநெல்வேலி

பதில்: நோயில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே விருப்பத்தையும் கோளாறையும் பிரித்துவிட்டது. தனக்கே பெரும் மன உளைச்சலாகவோ, சம்மதிக்காத ஒருவருக்குக் கேடாகவோ ஆனால்தான் அது கோளாறு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இருவர் சம்மதித்து ஆடுவதற்கு இடமே இல்லை. சம்மதிக்காதவரை வதைப்பது மட்டும் அதில் இருக்கிறது.

உங்கள் நண்பரிடம் வாத்ஸ்யாயனரைப் படிக்கச் சொல்லுங்கள். காமசூத்திரத்தில் அடிப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. புறங்கை, முஷ்டி, உள்ளங்கை என்று வகை பிரித்து, எங்கே அடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டு, கருவிபோல் கையை வைத்து அடிக்கும் தென்னாட்டு முறைகளைக் கண்டிக்கிறார். ஆதாரம் காட்டுகிறார் பாருங்கள், சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை அப்படி அடித்துக் கொன்றே விட்டான் என்று. நம் ஊர்ப் பெயர் இந்த விஷயத்தில் அவ்வளவு பழைய காலத்திலேயே கெட்டிருக்கிறது! அதே அத்தியாயத்தில் ஓடுகிற குதிரையைப் பற்றி ஒரு சுலோகம் உண்டு. முழு வேகத்தில் போகிற குதிரைக்கு வழியில் உள்ள குழியும் கம்பமும் தெரியாது, காதல் வேகத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் என்கிறார். 'இன்னும் பலமாக' என்று நடுவில் கேட்டால் கொடுக்கலாமா என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உச்சவரம்பை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் குறைக்கலாம், ஏற்றக் கூடாது.

கேள்வி: இருவரும் சம்மதித்தால் சட்டம் ஒன்றும் செய்யாதுதானே? – ஒரு தம்பதி, ஹாரோ, லண்டன்

பதில்: இங்கிலாந்தில் செய்யும். ஆண்கள் சிலர் தங்களுக்குள் சம்மதித்துச் செய்துகொண்டதற்காகத் தண்டிக்கப்பட்ட ப்ரவுன் வழக்கில், 1993-ல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சம்மதம் செல்லாது என்றது. 1997-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நடுவில் 1996-ல், மனைவி கேட்டுக்கொண்டபடி சூடான கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளை அவர் பின்பக்கத்தில் பொறித்த கணவர் விடுதலையானார். ஏன் இவருக்கொன்று, அவர்களுக்கொன்று என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2021-ன் குடும்ப வன்முறைச் சட்டம் 71-ஆம் பிரிவு, பாலின்பத்துக்காகக் கடுமையான தீங்குக்கு அடிபட்டவரே சம்மதித்தார் என்பதை எதிர்வாதமாக ஏற்பதில்லை. தோல் கிழிவதும் அந்தத் தீங்கில் சேரும். சுள்ளென்று பட்டு மறைவது வேறு.

இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, கொடுங்காயம் உண்டாக்கும் நோக்கமோ அது நேரக்கூடும் என்ற அறிதலோ இல்லாத செயலுக்கு 18 வயது நிறைந்தவர் சம்மதித்திருந்தால் நேர்ந்த தீங்கு குற்றமாகாது என்கிறது. அது தரும் உதாரணம் பொழுதுபோக்குக்கு வாள்சண்டை போடும் இருவர். 28-ஆம் பிரிவு, பயத்தால் தந்தது சம்மதமே இல்லை என்கிறது.

கேள்வி: என் கணவர் கோபம் வந்தால் பெல்ட்டால் அடிக்கிறார். அழுதால், 'இதுவும் ஒரு விளையாட்டுதான், உன் பத்திரிகையிலேயே போட்டிருக்கிறான்' என்று போன இதழைக் காட்டுகிறார். – ஊர், பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, அது விளையாட்டில்லை. மேலே எழுதியிருப்பதில் ஒரு வரிகூட உங்கள் வீட்டில் நடப்பதைச் சேர்ந்ததில்லை. விளையாட்டில் கோபத்துக்கு இடமில்லை, முன்பே பேசியிருப்பார்கள், 'நிறுத்து' என்றால் நிற்கும். 181-க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்டு வாங்கலாம். மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இந்த இதழை அவர் கண்ணில் படாமல் வைப்பதும் நல்லது.

கேள்வி: தோல் சவுக்கை டெட்டால் போட்டுக் கழுவலாமா? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. – சி., நாகர்கோவில்

பதில்: தோலைத் தண்ணீரில் முக்கினால் விறைத்துப் போய் அடுத்த முறை பிரம்பாகத்தான் விழும். வியர்வையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், எப்போதாவது தோலுக்கான மெழுகு கொஞ்சம். அலமாரியில் இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான வளையமாக, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், படுக்கையறையில் தட்டினால் ஆஸ்துமாக்காரர் யாராவது இழுக்க ஆரம்பிப்பார்கள்.

ரத்தம் பட்டுவிட்டால் கணக்கு மாறும். பின்னல் இடுக்குக்குள் போனதை எந்த மருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது உயிரோடிருக்கும். அந்தச் சவுக்கு இனிமேல் அந்த ஒருவருக்கு மட்டும்தான், இன்னொருவர் மேல் படக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு ஆடுகிறவர் என்றால் கழுவி உலர்த்தக்கூடிய நைலான் கயிற்றில் பின்னிய சவுக்கை வாங்குங்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். நுனி நூல் பிரிய ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். பிரிந்த நூல் எங்கே போகும் என்று வீசுகிறவருக்கே தெரியாது, விலையோ ஒரு டீக்காசுதான்.